இரண்டாவது குரல்

நெட்டையனின் தோள் நடுங்க ஆரம்பித்தபோது ஸ்பிரிங்கில் பாதி முறுக்குத்தான் ஏறியிருந்தது. இந்த நிலையில் கம்பியை விட முடியாது. விட்டால் முதலில் போவது முகம்.

வெளியே விடிந்துகொண்டிருந்தது. மூடிய கார் ஷெட்டுக்குள் ஒற்றை பல்பு, கிரீஸ் வாடை, ஏணி மேல் அவன். கதவுக்கு மேலே குறுக்காக ஓடும் இரும்புத் தண்டில் கை தடிமனுக்கு இரண்டு ஸ்பிரிங்குகள். அதில் ஒன்று ராத்திரி வெடிச்சத்தத்தோடு முறிந்துபோக, வீட்டுக்காரர் திருடன் என்று பயந்து கட்டிலை விட்டே இறங்கவில்லையாம். இப்போது கதவு எழும்பவில்லை, உள்ளே கார் மாட்டிக்கொண்டது, மனிதர் அவசரமாக ஊருக்குக் கிளம்ப வேண்டும். இரண்டும் ஒரே நாளில் மாட்டியது, ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும், சேர்த்தே மாற்றிவிடலாம் என்று நெட்டையன் சொல்லிப் பார்த்தான். போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் இரும்பு வளையத்தில் சுற்றிலும் துளைகள். ஒரு துளையில் கம்பியைச் செருகிக் கால் சுற்று தள்ள வேண்டும். தள்ளியதைப் பிடித்தபடியே அடுத்த துளையில் இன்னொரு கம்பி. பாரம் முழுவதும் அதற்கு மாறிய பிறகே முதல் கம்பியை உருவலாம். அத்தனை பெரிய கதவை ஒரு குழந்தை கையால் தூக்குகிற மாதிரி ஆக்குவது இந்த முறுக்குத்தான். பிசகினால் அவ்வளவு பலமும் கம்பி வழியாக ஆளின் மேல் திரும்பும்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஜோடியாகத்தான் போவார்கள். ஆளுக்கொரு கம்பி. நெட்டையனுக்கு ஜோடி அவன் தங்கச்சி புருஷன். பட்டறையில் அவனுக்குப் பெயரே மாப்பிள்ளைதான். பிறகு முதலாளி, ‘ஒரு கதவுக்கு ஒரு ஆள்’ என்றார். ஜோடிகள் உடைந்தன. போன வாரம் எங்கேயோ ஒரு வீட்டில் தனியாக முறுக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாடையைக் கம்பி பெயர்த்துப் போட்டது.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. வந்தது வீட்டுக்காரர் இல்லை, முதலாளி. ஏணிக்குப் பக்கத்தில் வராமல் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கம்பி தெறித்தால் எந்தப் பக்கம் வரும் என்பது அவருக்கும் தெரியும்.

“நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. கையை விட முடியாதுன்னு தெரிஞ்சுதான் இப்ப வந்தேன். இப்பத்தானே முழுசாக் கேட்பே.”

நெட்டையன் திரும்பவில்லை. கம்பி உள்ளங்கையை அறுத்தது.

மாப்பிள்ளை விழுந்த வீட்டில் விசாரித்ததாக முதலாளி சொன்னார். அந்த வீட்டம்மா அடுப்படியில் இருந்திருக்கிறார். ஷெட்டுக்குள் இரண்டு ஆம்பளைக் குரல் கேட்டிருக்கிறது. ஒரு குரல் ‘பிடிச்சியா’ என்றதாம், இன்னொரு குரல் ‘பிடிச்சாச்சு’ என்றதாம். அடுத்த நொடி சத்தம். ஓடிவந்து பார்த்தால் ஒரே ஆள் ரத்தத்தில் கிடக்கிறான், பின்கதவு திறந்து கிடக்கிறது.

“நான் அங்க இல்ல.”

“அப்ப யாரு, பேயா? போன மாசம் நீ அவன்கூடத் திருட்டுத்தனமா ஒரு வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

அது நிஜம். ஒரே ஒருநாள், மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனான். ஆனால் விபத்து நடந்த காலையில் அவன் ஊரின் மறுகோடியில், ஆளில்லாத வீட்டில், பக்கத்து வீட்டுச் சாவி வாங்கித் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சாட்சிக்கு ஒரு பூனைகூட இல்லை.

முதலாளி விஷயத்துக்கு வந்தார். ஒரு ஆளைத்தான் அனுப்பினார். பேச்சை மீறி இன்னொருவன் போயிருக்கிறான், மச்சானும் மாப்பிள்ளையுமாகக் கம்பியை மாற்றும்போது சொதப்பியிருக்கிறார்கள். இது வீட்டு விவகாரம், கம்பெனிக்கு என்ன சம்பந்தம்? ஆமாம் என்று நெட்டையன் ஒப்புக்கொண்டால் வேலை இருக்கும், ஆஸ்பத்திரியையும் பார்த்துப் பெரிய மனசு பண்ணலாம். இல்லை என்றால், ஓடிப்போன ஆள் யார் என்று போலீஸ் தேடட்டும். சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.

நெட்டையன் அடுத்த கம்பியைச் செருகி, பாரத்தை மாற்றி, மூச்சு விட்டான்.

“ரெண்டு குரல்னதும், ஒருத்தன் சரியாப் பிடிக்கலைன்னு உங்களுக்கே தோணுது பாருங்க. அப்ப இது ரெண்டு பேர் வேலைதானே முதலாளி?”

முதலாளி சிரித்தார். “வாய் நல்லாத்தான் இருக்கு. கைதான் நடுங்குது, பாத்துக்கோ.”

அவர் போனார். நெட்டையன் மிச்ச முறுக்கையும் ஏற்றி, திருகாணிகளை இறுக்கி, கதவைத் தூக்கிவிட்டான். சொன்ன பேச்சு கேட்டு அது மேலே போனது. வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார். ஒரு தலையசைப்புகூட இல்லை.

பட்டறைக்குத் திரும்பினால் அங்கே சேதி அவனுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று ஸ்பேனர்களைத் துடைக்க ஆரம்பித்தார்கள். ஆபீஸ் அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய புது முகங்கள், வேலை கேட்டு.

வெல்டருக்குக் கண்ணாடி தடிமனைப் பார்த்து வைத்த பெயர் சோடாபுட்டி. மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள். நேராக வந்து நின்றார்.

“நெட்டை, இருந்திருந்தா இருந்தேன்னு சொல்லிடு. நாங்க ஒண்ணும் உன்னைத் தூக்குல போடப் போறதில்ல. கயிறு வாங்கக்கூட இங்க எவன்கிட்டயும் வக்கில்ல.”

“இல்லண்ணே. என் தங்கச்சி மேல சத்தியமா இல்ல.”

“அவ புருஷன்தானே படுத்துக் கிடக்கான்” என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். நெட்டையன் யார் என்று பார்க்கவில்லை. பார்த்தால் நாளைக்கு அவன் முகத்தில் எப்படி முழிப்பது?

பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனான். பொது வார்டு, மூலைக் கட்டில். மாப்பிள்ளையின் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். முகம் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. வாயைத் திறக்கக் கூடாது, இன்னும் ஒரு ஆபரேஷன் ஆக வேண்டும், அதற்குக் கம்பெனிதான் வழி.

நெட்டையனைப் பார்த்ததும் மாப்பிள்ளை மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

தங்கச்சி அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். சேதி அவளுக்கும் எட்டியிருந்தது. கட்டிலுக்குக் கேட்காமல் அண்ணன் காதோரம் கேட்டாள்.

“அண்ணா, நீ அங்க இருந்தியா?”

“இல்லம்மா.”

“இருந்திருந்தாக்கூடப் பரவாயில்ல. விட்டுட்டு ஓடினியான்னுதான் கேக்கறேன்.”

அவள் ஸ்டூலைக் கட்டிலின் அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளை, இப்போது நடுவில் ஒரு கட்டில் அளவு தள்ளிப்போய்விட்டாள்.

சரி, ஒப்புக்கொள்வோம் என்று தோன்றியது. இல்லை என்றால் யார் நம்பப் போகிறார்கள்? ஆமாம் என்று சொன்னால் ஆபரேஷனாவது நடக்கும். ஓடுகாலி என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். எழுந்து வெளியே வந்தான். வராந்தாவின் அந்தக் கோடியில், அழுக்கு உடுப்பைக்கூட மாற்றாமல், பட்டறையே வந்துகொண்டிருந்தது. முன்னால் சோடாபுட்டி.

“நான் ஒத்துக்கப் போறேண்ணே” என்றான் நெட்டையன். “முதலாளியைப் பாக்கத்தான் கிளம்பினேன்.”

“எதை ஒத்துக்குவே? உக்காருடா.”

அவரே முதலில் உட்கார்ந்தார். நெட்டையன் போன பிறகு பட்டறையில் பெரிய வாய்த்தகராறாம். நம்புகிறவன், நம்பாதவன் என்று பாதிப் பாதியாகப் பிரிந்து சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போயிருக்கிறது. கடைசியில் சோடாபுட்டிதான் கையில் இருந்த சுத்தியலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தினாராம்.

“நீ இருந்திருந்தா, இருக்க வேண்டிய இடத்துலதான் இருந்திருக்கே. இல்லாமப் போயிருந்தா, அது உன்னைப் பிரிச்சவன் செஞ்சது. எப்படித் திருப்பினாலும் அந்தாள் வாசல்லதான் போய் நிக்குது. இதுக்கு எதுக்குடா நமக்குள்ள அடிதடின்னு கேட்டேன்.”

பிறகு எல்லோரும் சேர்ந்து ஆபீஸ் அறைக்குள் போயிருக்கிறார்கள். நாளையிலிருந்து ஒரு கதவுக்கு இரண்டு பேர், இல்லாவிட்டால் எந்தக் கதவையும் தொட மாட்டோம், மாப்பிள்ளையின் வைத்தியம் கம்பெனியுடையது என்று சொல்லியிருக்கிறார்கள். முதலாளி கோபிக்கவில்லையாம். ஜன்னல் வழியாகப் பெஞ்சைக் காட்டி, ‘அவங்களுக்கும் ரெண்டு கை இருக்கு’ என்றாராம். கையோடு பட்டறை வாசலில் புதுப் பூட்டு.

“ஆக, நம்ம எல்லாருக்கும் வேலை போச்சு” என்றார் சோடாபுட்டி. “தோத்தாச்சுன்னுதான் வெச்சுக்கோயேன். ஆனா சேர்ந்து தோத்திருக்கோம். காலைல வாசல்லதான் நிப்போம். பெஞ்சுல இருந்தவன்ல ஒருத்தன் நம்ம பின்னாலயே வந்துட்டான், அதோ நிக்கறான் பாரு. ஏன்டா வந்தேன்னு கேட்டா, கம்பி எப்படித் தெறிக்கும்னு பாக்கணுமாம்.”

புது ஆள் சங்கடமாகத் தலையைச் சொறிந்தான். யாரும் சிரிக்கவில்லை. இவர்களில் பாதிப் பேர் இன்னமும் தன்னை நம்பவில்லை என்பது நெட்டையனுக்குத் தெரிந்தது. நம்பாமலேதான் வந்திருக்கிறார்கள்.

நர்ஸ் முறைக்க முறைக்க எல்லோரும் உள்ளே போய்க் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தங்கச்சி எழுந்து ஒதுங்கினாள். சோடாபுட்டி குனிந்து, எல்லாவற்றையும் மாப்பிள்ளையின் காதில் சொன்னார், முதலாளி சொன்ன இரண்டு குரல் உட்பட. நெட்டையன் மேல் பழி விழுந்திருக்கிறது என்பது அவனுக்கு அதுவரை தெரியாது போலிருக்கிறது.

சுவரைப் பார்த்திருந்த தலை திரும்பியது. கண்ணோரம் வழிந்து தலையணை நனைந்தது. கை எழுந்து நெட்டையனின் சட்டையைப் பிடித்து இழுத்தது. பேசாதீங்க, கட்டு பிரிஞ்சிடும் என்று தங்கச்சி பதறினாள். கட்டிய பற்களுக்கு நடுவே காற்றாகத்தான் வந்தது குரல். எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள்.

“யாரும் இல்ல மச்சான்... வெக்கமா இருந்துச்சு, அதான் உன் மூஞ்சியப் பாக்க முடியல.”

நெட்டையன் இன்னும் குனிந்தான்.

“பிடிச்சியான்னு கேட்டே பழகிடுச்சு. பதில் வராட்டி கம்பிய உருவக் கை வர மாட்டேங்குது. அதனால தினமும், உன் குரல் மாதிரியே, நானே பிடிச்சாச்சுன்னு சொல்லிக்குவேன்.” கொஞ்சம் நிறுத்தி, எச்சிலை விழுங்கினான். “அன்னிக்கு நீதான் சொன்னேன்னு நம்பி விட்டுட்டேன்.”