ஸ்டெடி சோமன்

என் வீட்டுக்காரருக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு, ஸ்டெடி சோமன். வைத்தவர் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன் ரெத்தினதாஸ்தான். பலாமரத்திலிருந்து சக்கையைக் கயிறு கட்டி இறக்கும்போது மற்றவர்கள் "விடு, பிடி" என்றுதான் கத்துவார்கள். இவர் கீழே நின்றுகொண்டு, "டவுன் ஃபைவ்... ஃபோர்... லெஃப்ட் ஒன்... ஸ்டெடி, ஸ்டெடி" என்று இங்கிலீஷில் ஓதுவார். பாறசாலை ஸ்டாண்டில் யாராவது பஸ்ஸைப் பின்னால் எடுத்தாலும் இதே மந்திரம்தான். டிரைவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவர் சொல்லி எடுத்த பஸ் எதிலுமே இடித்ததில்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். எனக்கோ அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிந்து வரும்.

இந்தக் கேலி எங்கள் கல்யாணத்தோடு தொடங்கியது. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார் என்று தரகர் சொன்னார். எங்கள் வீட்டார் அதை வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் என்று எடுத்துக்கொண்டு, டேப் ரிக்கார்டர் வரும், செண்டு பாட்டில் வரும் என்று காத்திருந்தார்கள். வந்தது ஒரு நேவிக்காரரும் ஒரு கேன்வாஸ் பையும். போதாக்குறைக்கு, தான் கப்பலில் இல்லை, ஹெலிகாப்டரில் என்று வேறு சொல்லிவிட்டார்.

"நேவின்னா கப்பலாக்கும். கப்பல்காரனுக்கு ஹெலிகாப்டர்ல என்ன வேல? தொடச்சு வெச்சிருப்பாரு" என்றார் அண்ணன். பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அவருடைய வேலை என்ன என்று நானே சொல்கிறேன். கடலில் மூழ்கப் போகும் படகுக்கு நேர் மேலே ஹெலிகாப்டர் அசையாமல் நிற்க வேண்டும். ஓட்டுகிறவருக்குத் தனக்குக் கீழே இருப்பது தெரியாது. பின்னால் கதவோரம் ஒருவர் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி, இரும்புக் கம்பிக்கயிற்றை இறக்கிக்கொண்டே பேசுவார். முன்னால் எவ்வளவு, இடது எவ்வளவு, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். காதில் விழும் அந்தக் குரலை நம்பித்தான் ஓட்டுகிறவர் கையை அசைப்பார். குரல் தப்பினால் மேலே இருப்பவர்களும் போவார்கள், கீழே இருப்பவர்களும் போவார்கள். கதவோரம் படுத்திருந்தது என் வீட்டுக்காரர்.

எழுபத்துநாலாம் வருஷத்து மழைக்காலத்தில் ஒரு சரக்குப் படகு உடைந்தது. கொட்டுகிற மழையில் ஏழு பேரை ஒவ்வொருவராக மேலே இழுத்தார்கள். ஓட்டியவர் கமாண்டர் சிவபிரசாத். அவரும் நெய்யாற்றிங்கரைக்காரர்தான். ஒரே தாலுகாவில் பிறந்த இருவரும் வானத்தில் பேசிக்கொண்டது இங்கிலீஷ் மட்டும், அதிலும் பாதி எண்கள். கமாண்டருக்கு மெடல் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. கதவோரம் கிடந்தவருக்கு ஒரு டம்ளர் ரம்மும் முதுகில் ஒரு தட்டும் கிடைத்தன.

என் மாமனார் வெள்ளறடைச் சந்தை முழுக்க, மகனுக்கு மெடல் வரப்போகிறது என்று சொல்லி வைத்திருந்தார். வரவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, அந்த வருத்தத்தோடேயே அவர் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு இவர் கடலைப் பற்றி வாயே திறக்கவில்லை. சக்கைக்கும் பஸ்ஸுக்கும் சொல்லும் அந்த மந்திரம் மட்டும்தான் மிச்சம்.

தொண்ணூற்றாறில், ஓணம் கழிந்த உடனே, கொச்சியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பழைய ஹெலிகாப்டர் ஆட்களை, ஓட்டியவர்களை மட்டுமல்ல, பின்னால் இருந்தவர்களையும் கூப்பிட்டு மரியாதை செய்யப் போகிறார்களாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் படித்துவிட்டு மடித்து, ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தார்.

"போவமா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கா? எனக்க அண்ணனுக்க வாய அடைக்கதுக்கு. ஊரு அறியதுக்கு."

"எனக்க அப்பனுக்கு இனி யாரு போய்ச் சொல்லுவா, ஓமனா?" என்று கேட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரச்சீனிக்கிழங்கு போட்ட விளைக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை. அழைப்பின் அடியில் கமாண்டர் சிவபிரசாதின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜங்ஷனில் உள்ள எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். போனை எடுத்த கமாண்டரிடம் முதலில் மலையாளத்தில்தான் தொடங்கினேன். கோபம் ஏற ஏறத் தமிழுக்கு மாறிவிட்டேன்.

"சோமனுக்க வீட்டுக்காரியாக்கும் பேசுகேன். அவரு வரமாட்டாரு. அவருக்க அப்பன் உயிரோட இருக்கும்ப நீங்க எல்லாரும் எங்க போனிய? மரியாதைய குடுக்கணும்னா ஆளத் தேடி வந்து குடுக்கணும். கைதட்டுகதுக்கு கொச்சி வரைக்கும் வரணுமோ?"

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ, "வீட்டுக்கு வழி எப்படி அம்மா?" என்று தமிழில் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வெள்ளை அம்பாசடர் வந்து எங்கள் கால்வாய்க்கு அந்தக் கரையில் நின்றது. வழி சொன்ன நான் ஒன்றை மறந்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு வர, கால்வாயின் குறுக்கே கிடக்கும் இரண்டு தென்னந்தடிகள்தான் பாலம். நாங்கள் சாணிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிற பாலம் என்பதால் எனக்கு அது ஒரு தடையாகவே தோன்றவில்லை. காரிலிருந்து கமாண்டர் இறங்கினார். நெட்டையான உருவம், நரைத்த மீசை. கூடவே அவர் மனைவி ஆனந்தலட்சுமி இறங்கி, ஓடி வந்த என் கையைப் பிடித்தார்.

"அவருக்குக் கண் நரம்பு கெட்டுப் போச்சு. நேரே உள்ளது கொஞ்சம் தெரியும். கீழே ஒண்ணுமே தெரியாது. வெளியே சொல்ல விடமாட்டார்" என்று காதோடு சொன்னார்.

நான் போனில் கத்தியது இந்த மனிதரையா?

"சோமனை இந்தக் கரைக்கு வரச் சொல்லலாமே" என்றார் ஆனந்தலட்சுமி.

"வேண்டாம். தேடித்தான் வரணும்னு இவங்க சொன்னாங்க. அது நியாயம்" என்றார் கமாண்டர்.

நான் வீட்டுக்கு ஓடினேன். காரைப் பார்த்ததுமே இவர் தொழுவத்துக்குப் பின்னால் போய் விறகு கீறத் தொடங்கியிருந்தார்.

"யாரு வந்திருக்கான்னு பாருங்க!"

"பாத்தேன். விளிச்சது நீதானே? நீயே போய்ப் பேசு."

கெஞ்சினேன், திட்டினேன். கோடாலிதான் பதில் சொன்னது. அதற்குள் கால்வாய்க்கரையில் ஆள் கூடிவிட்டது. என் அண்ணன் முன்னால் நின்றார்.

"சாரே, நான் தூக்கிட்டு வாறேன்!"

"வேண்டாம், நடந்துடுவேன்" என்று சிரித்தபடி கமாண்டர் தடியில் காலை வைத்தார்.

உடனே எல்லோரும் வழி சொல்ல ஆரம்பித்தார்கள். வலத்த கால், அல்ல இடத்த கால், நேரே வாங்க, அய்யோ தள்ளாதீங்க, குனிஞ்சு பாருங்க என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பாவம், அவர் ஒவ்வொரு குரலுக்கும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டடி வந்ததும் கால் தடியைத் தவறவிட்டு அந்தரத்தில் துழாவியது. ஆனந்தலட்சுமி அலறினார். கீழே கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது.

தொழுவத்துப் பின்னால் கோடாலிச் சத்தம் நின்றது.

"எல்லாவனும் வாய மூடுங்கலே!"

என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டி, கிழிந்த பனியனோடு, உடம்பெல்லாம் விறகுத்தூளோடு. கமாண்டரைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. கால்வாய்க்கரையில் மண்ணோடு குப்புறப் படுத்தார். தடியின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஸ்டெடி, சார். ஸ்டெடி."

எங்கள் குரலுக்கெல்லாம் தலையைத் திருப்பியவர் இந்தக் குரலுக்குத் திருப்பவில்லை. முதுகை நிமிர்த்தினார். அந்தரத்தில் இருந்த கால் தானாக வந்து தடியில் அமர்ந்தது.

"ஃபார்வேர்ட் எய்ட்... செவன்... நைஸ்... சிக்ஸ்... ரைட் ஹாஃப்... ஸ்டெடி... ஃபார்வேர்ட் ஃபைவ்..."

கமாண்டர் நேரே முன்னால் பார்த்தபடி, வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல் நடந்து வந்தார். என் அண்ணன் திறந்த வாயை மூடவில்லை. எனக்குக் கண்ணீர் பொங்கி வந்தது. ஏழு பேர் எப்படி மேலே வந்தார்கள் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"த்ரீ... டூ... ஒன்... ஓவர் தி டெக், சார்."

கரையில் கால் பதிந்ததும் கமாண்டர் கையை நீட்டித் துழாவினார். இவர் எழுந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"உன் குரல் கொஞ்சமும் மாறல்ல, சோமா" என்றார் கமாண்டர். "அன்னைக்கு உன் பெயரையும் எழுதித்தான் கொடுத்தேன். மேலே வெட்டிட்டாங்க. நான் திரும்பப் போய்ச் சண்டை போட்டிருக்கணும். போடல்ல. மெடலைக் குத்திட்டு நின்னேன்."

இவர் பிடித்த கையை விடவில்லை.

கமாண்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே இரண்டு சிறகுகள் விரித்த ஒரு பொன்னிறச் சின்னம். கொச்சியில் பழைய ஆட்களுக்குக் கொடுக்க வைத்திருந்தது.

"ஓமனா, ஒரு ஷர்ட்டு" என்றார் இவர். அவராகக் கேட்டார்! ஓடிப்போய்க் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தேன். போட்டுக்கொண்டு, கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, அட்டென்ஷனில் நின்றார்.

கமாண்டர் குத்தூசியைப் பிடித்தார். முகத்துக்கு நேரே பார்க்கிறவருக்கு நெஞ்சில் பை எங்கே என்று தெரியவில்லை. கை தோள்பட்டையில் போய்த் தடுமாறியது. ஆனந்தலட்சுமி உதவப் போனார். கமாண்டர் தலையசைத்துத் தடுத்துவிட்டு, காத்திருந்தார்.

இவருக்குப் புரிந்தது.

"டவுன் த்ரீ, சார்" என்றார். "டூ... ரைட் ஒன்... ரைட் ஹாஃப்..."

சட்டைப்பைக்கு மேலே, சரியான இடத்துக்குக் கை வந்துவிட்டது. அடுத்த வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. கமாண்டரின் கை அந்த வார்த்தைக்காக அப்படியே காத்து நின்றது.

"ஸ்டெடி" என்றேன் நான்.