பதிவேட்டில் இருபதாவது ஆள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அறிவிப்புப் பலகையில் மதிப்பெண் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே ஐந்து பாடங்கள். நான்கில் தேர்ச்சி. ஐந்தாவது மருந்தியல், பரீட்சைக்கு வரவில்லை, தோல்வி. அந்தப் பாடத்தில் நான் சேரவே இல்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். முப்பத்தெட்டு வயதில் ஆய்வகப் படிப்புக்கு வந்தவள் நான். காலையில் மருத்துவமனையில் வார்டு உதவியாளர் வேலை, மதியம் கல்லூரி. மருந்தியல் எனக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் தினமும் என் கையால் எடுத்துக் கொடுக்கும் மாத்திரை எதற்கென்று தெரிந்துகொள்ள ஆசை. அதற்குக் கல்லூரியில் வழி இருந்தது. கேட்பு மாணவராக வகுப்பில் உட்காரலாம். வருகைப் பதிவு, பரீட்சை, மதிப்பெண் எதுவும் கிடையாது. இந்தப் பருவத்தின் முதல் வாரமே படிவம் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை மருத்துவமனை ஆய்வகத்தில் எங்களுக்குப் பயிற்சி தொடங்குகிறது. ஒரு பாடத்தில் தோல்வி இருந்தாலும் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு வருடம் கால் கடுக்க ஓடியதெல்லாம் வீண்.

நேரே அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க்கம்மா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாடத்த விடறதுன்னா படிவம் குடுக்கணும்மா. ரெண்டாவது வாரத்தோட கெடு முடிஞ்சுபோச்சு."

"நான் சேரவே இல்லீங்க. சேராததுல இருந்து எப்படி விலகறது?"

"அப்ப முதல்ல சேர்றதுக்கு மனு குடுங்க. அப்புறம் விலகறதுக்குக் குடுங்க."

"குடுத்தா எடுத்துக்குவீங்களா?"

"எப்படி எடுத்துக்குவோம்? சேர்றதுக்கும் கெடு முடிஞ்சுபோச்சே!"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் களுக்கென்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முத்திரை போட்ட நகலை நீட்டினேன்.

"இது சரிதாம்மா. ஆனா வருகைப் பதிவேட்டுல உங்க பேர் இருக்கே. பேர் இருந்தா மாணவர்தான்."

பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பத்தொன்பது பெயர்கள் நீல மையில் இருந்தன. இருபதாவதாகக் கறுப்பு மையில் என் பெயர். மாமியார் ஆபரேஷனுக்காக நான் ஒரு வாரம் கல்லூரிப் பக்கமே வரவில்லை. அந்த நாட்களிலும் வந்ததாகப் பதிந்திருந்தது.

அது மருந்தியல் ஆசிரியரின் கையெழுத்து. சட்டைப் பை இரண்டிலும் சுண்ணக்கட்டி வைத்திருப்பதால் அவரை எல்லோரும் சாக்பீஸ் சார் என்போம். ஆசிரியர் அறையில் அவரைப் பிடித்தேன். கேட்டதும் முகம் சுருங்கிப்போனது.

"பாடம் மாத்திக்கிற வாரத்துல அஞ்சு பேர் விலகிட்டாங்கம்மா. பத்தொன்பதுதான் மிச்சம். இருபது இல்லன்னா வகுப்பையே மூடிடுவாங்க. நீங்கதான் தினமும் வர்றீங்களேன்னு..."

"என்னைத் தூக்கிப் போட்டு ஓட்டைய அடைச்சீங்களா சார்?"

"சத்தம் போடாதீங்கம்மா. வழி இருக்கு. உடம்பு சரியில்லன்னு ஒரு சான்றிதழ் குடுத்தா கெடு தாண்டியும் விலகலாம். நீங்க வேலை பாக்கறதே ஆஸ்பத்திரியிலதானே?"

"பரீட்சை எழுத முடியாத சீக்காளின்னு நானே எழுதிக் குடுத்தா, திங்கட்கிழமை யார் என்னை லேபுக்குள்ள விடுவாங்க? சீக்கு எனக்கா, உங்க பதிவேட்டுக்கா?"

அவர் மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதினேன். இந்தத் தேதியில் கேட்பு மாணவராகப் பதிந்தேன், நகல் இணைத்துள்ளேன். பாடத்தில் சேர மாணவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும் என்பது உங்கள் விதி. என் கையெழுத்துள்ள படிவத்தைக் காட்டவும். இல்லையென்றால் தோல்வியை இன்றே நீக்கவும்.

கிளார்க்கம்மா படித்துவிட்டு, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து ஒவ்வொரு படிவமாகப் புரட்டினார். எச்சில் தொட்டு இரண்டாம் முறையும் எண்ணினார்.

"பத்தொன்பதுதான் இருக்கு."

"அப்ப நான் யாருங்க?"

அவர் போனை எடுத்து, "சார், கொஞ்சம் கீழ வாங்க. இல்ல சார், இப்பவே வரணும்," என்றார்.

சாக்பீஸ் சார் வந்து கோப்பைப் பார்த்தார். என் மனுவையும் வாங்கிப் படித்தார். பிறகு என் மனுவின் அடியிலேயே, பெயரைச் சேர்த்தது தாம்தான், மாணவிக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"முதல்வர் கூப்பிடுவார் சார்," என்றார் கிளார்க்கம்மா.

"தெரியும்." என் பக்கம் திரும்பினார். "அந்தப் பத்தொன்பது பேர் படிப்புக்காகத்தாம்மா செஞ்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். நானே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்திருப்பேன். பரீட்சையும் எழுதியிருப்பேன்."

அவர் படியேறிப் போனார்.

"நாளைக்கு வாங்கம்மா, திருத்தி வைக்கிறேன்," என்றார் கிளார்க்கம்மா.

"இப்பவே அச்செடுங்க. நான் நிக்கிறேன்."

நின்றேன். நான்கு பாடங்கள் மட்டும் உள்ள தாளைக் கையில் வாங்கி, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.