அக்கா பிடியை விட்டாள்

கம்பிவலைக் கூண்டுக்குள் போட்டிச் சண்டை போடுபவர்கள் என் அக்காவை உடும்பு என்பார்கள். பிடித்தால் விடமாட்டாள், அதனால் வந்த பெயர். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈர விரிப்புகளைப் பிழிந்து உதறியே உரமேறிய கைகள். நான் முடிதிருத்துபவன். அவளுக்குச் சண்டை இருக்கும் நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு, காயத்துக்குப் பஞ்சும் வாஸ்லினும் எடுத்துக்கொண்டு கூண்டோரம் உட்காருவேன். "தலையைப் பாத்துக்கறவன்தானே, முகத்தையும் பாத்துக்கோ" என்று அவள்தான் என்னை இதில் இழுத்துவிட்டாள்.

ஆரம்பத்தில் எல்லாச் சண்டையிலும் தோற்றாள். முழங்கால் பிசகி, கைத்தடியோடு நடந்தாள். மகள் பிறந்ததும் இனி வரமாட்டாள் என்றார்கள். குழந்தை தவழ்வதற்குள் வந்து நின்றாள். வரிசையாக ஜெயித்தாள், பிறகு வரிசையாகத் தோற்றாள். அவளோடு தொடங்கியவர்கள் எல்லாரும் ஒதுங்கிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டியும் அவள் மட்டும் கூண்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

அன்று எதிரே நின்றவள் அக்கா வயதில் பாதிதான். நெடுநெடுவென்று இருப்பாள், பட்டப்பெயர் கொக்கு. முதல் சுற்றிலேயே அக்கா அவள் முதுகில் ஏறி, முழங்கையைத் தாடைக்குக் கீழே செருகிக் கழுத்தை இறுக்கிவிட்டாள். கையால் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மயங்கினாலும் தோல்விதான், ஆனால் அதை நடுவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கொக்கு தட்டவில்லை. அவள் முகம் என் பக்கம் இருந்தது; கண்கள் மேலே செருகுவதை நான் பார்த்தேன். நடுவர் மறுபக்கம் நின்றிருந்தார்.

அக்கா சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"ஏன் விட்டே? அவ தட்டலையே!" என்றார் நடுவர்.

"மயங்கிட்டா சார்."

அவர் குனிந்து பார்ப்பதற்குள் கொக்கு கண்ணைத் திறந்துவிட்டாள். "முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கா? தொடருங்க."

"நான் என் கண்ணால பாத்தேன் சார்!" என்று கத்தினேன். அவர் திரும்பவே இல்லை. அக்காவோ, அந்தப் பெண் தள்ளாடி எழுந்து காலை நிலையாக ஊன்றும்வரை காத்திருந்தாள். அப்படிக் காத்திருக்கச் சொல்லி எந்த விதியும் கிடையாது.

இடைவேளையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரு வந்து பிரிக்கிற வரைக்கும் பிடிச்சிருக்கக் கூடாதா?"

"துணியில தண்ணி வடிஞ்சிட்டா கைக்குத் தெரியும்டா. அதுக்கு மேலயும் பிழிஞ்சா கிழியும். பேசாம தண்ணியைக் குடு."

அந்த ஒரு பிடியில் அவள் கைகள் சக்கையாகிவிட்டன. இரண்டாம் சுற்றில் விரல்கள் மடங்கவே இல்லை. கொக்கு தூரத்தில் நின்றே குத்தினாள். அக்காவின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. டாக்டர் வந்து விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார்.

"மூணு. நகம்தான் வெட்டணும் டாக்டர்."

அவர் சிரித்துவிட்டு விலகினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "போதும்க்கா. துண்டை வீசிச் சண்டையை நிறுத்திடட்டுமா?"

"வீசிப் பாரு. அதை நீதான் துவைக்கணும்."

கடைசிச் சுற்றில் ஒரு குத்து வாங்கிச் சரிந்தவள், சரியும்போதே கொக்கின் காலைக் கட்டிக்கொண்டாள். காலிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முதுகு என்று அங்குலம் அங்குலமாக ஏறினாள். மறுபடியும் கழுத்து. கையில் பலம் ஏது? முதுகு, தோள், நெஞ்சு என்று உடம்பு மொத்தத்தையும் அந்தப் பிடிக்குள் கொண்டுவந்து வைத்தாள். கையுறைக்கு வெளியே நீண்ட விரல்களைக் கொக்கு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க அவை திரும்ப வந்து கோத்துக்கொண்டன. கத்திக்கொண்டிருந்த அரங்கம் அடங்கிப்போனது. கூடப் பிறந்தவள்தான், ஆனாலும் அந்த நிமிஷம் அவள் யாரோபோல இருந்தாள்.

கொக்கு தட்டினாள். முதல் தட்டலிலேயே அக்காவின் கை விரிந்துவிட்டது.

தரையில் உட்கார்ந்தபடியே அந்தப் பெண் கேட்டாள்: "முதல் சுற்றுல... நான் நிஜமாவே மயங்கிட்டேனா?"

"ஆமாம்மா."

"எனக்குத் தெரியவே இல்லையே அக்கா!"

"தெரியாது. அது அப்படித்தான்."

கொக்கு அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். நடுவர் அருகே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டாள்.

உடை மாற்றும் அறையில் பாட்டில் மூடியைத் திருக அவளால் முடியவில்லை. நான் திறந்து வாயருகே பிடித்தேன், மடமடவென்று குடித்தாள். பிறகு கையுறையைக் கழற்றச் சொல்லி இரண்டு கைகளையும் என் மடியில் வைத்தாள். வீங்கிச் சிவந்திருந்தன. சின்ன வயதில் நான் பிடித்துக்கொண்டு நடந்த கைகள்தான். ஆனாலும் இப்போது தொடவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.