இரண்டாவது டம்ளர் கொயினா

"எம்மா, ஒங்காதுக்குள்ள எந்தக் கம்பெனி வெடி வெடிக்குது?"

ஆமத்தூர் விலக்கில் சாலையோரம் பட்டாசுக் கம்பெனி வேனுக்காக நின்றிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எட்டு வயது ரோஷினி மூன்று தடவை கூப்பிட்டும் அவள் அம்மா முத்துப்பேச்சி திரும்பாததால் பிள்ளை அப்படிக் கேட்டது. பாண்டிலட்சுமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் காதுக்குள் இரைவது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

ஆவணி பிறந்ததும் தீபாவளி ஆர்டரோடு காய்ச்சலும் வந்தது. தினம் நாலு பேர் வேலைக்கு வரவில்லை. போர்மேன் ராஜபாண்டியன் மலையிலிருந்து ஒரு சாக்கு சிங்கோனாப் பட்டை வரவழைத்தார். மலேரியாவுக்கு ஒரு காலத்தில் உயிர்காத்த பட்டை. ஊரில் கொயினா என்றால் தெரியும். இந்தக் காய்ச்சலுக்கு அது ஆகுமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று அவர் ஒரு வைத்தியரையும் கேட்கவில்லை. டிரம்மில் போட்டுச் செக்கச்செவேலென்று காய்ச்சி, காலையில் கம்பெனி வாசலில் வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார். குடிக்காதவர்கள் வந்த வேனிலேயே திரும்ப வேண்டியதுதான்.

"இதக் குடிச்சா காய்ச்சல் என்ன, எமனே மூஞ்சியச் சுளிச்சிட்டுப் போயிருவான்" என்றாள் ஒருத்தி.

"ஏளா, வாயப் பேசாம டம்ளரக் கவுத்துக் காட்டு" என்றார் ராஜபாண்டியன். ஒரு பெண் வாந்தி எடுத்தபோது இன்னொரு டம்ளர் ஊற்றி, அவள் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்துவிட்டுச் சிரித்தார்.

பாண்டிலட்சுமிக்கு அப்போது மூன்று மாதம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கொயினாவைத் தொடவே கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அதை வாசலில் சொன்னால் அன்றோடு வேலை போய்விடும். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. டம்ளரை வாங்கியவள் வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றாள். முன்னால் நின்ற முத்துப்பேச்சி அவள் முகத்தையும் வயிற்றையும் பார்த்தாள். ராஜபாண்டியன் டிரம்முக்குள் குனிந்த நேரத்தில் தன் காலி டம்ளரை அவள் கையில் திணித்து, நிறைந்த டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

"மதினி, வேண்டாம்..."

"சும்மா இருடி. என் வயித்துல என்ன இருக்கு, பழைய கஞ்சிதான?"

முப்பத்தேழு நாள் அப்படியே நடந்தது. முத்துப்பேச்சிக்கு முதலில் காதுக்குள் வண்டு ரீங்கரித்தது. பிறகு வண்டின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பட்டை தீர்ந்து டிரம்மைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் அவளுக்குக் காது திறக்கவில்லை.

ராஜபாண்டியனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கெட்ட வார்த்தை சொல்வார். அவள் ஒன்றும் அறியாமல் வேலை பார்ப்பதைக் கண்டு சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். வெடிக்குள் மருந்து நிரப்பும் அறைக்குப் போக எல்லாரும் தயங்கியபோது, "செவிடிக்கு என்னலே பயம்? அவளையே உள்ள உக்கார வை" என்றார்.

வெடி வேலையில் உயிரைக் காப்பது காதுதான். சுர்ரென்ற முதல் சத்தம் கேட்டவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். கேட்காதவர்களைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும். வீட்டில் இருந்துவிடலாம் என்றால் முத்துப்பேச்சிக்குப் புருஷன் இல்லை. ரோஷினிக்கு வேறு கதியும் இல்லை.

"நானும் அங்கனயே போறேன் அண்ணாச்சி" என்றாள் பாண்டிலட்சுமி.

உட்கார்ந்ததும் வெடி கட்டும் நூலில் மூன்று முழம் எடுத்து, ஒரு முனையை முத்துப்பேச்சியின் கணுக்காலிலும் மறுமுனையைத் தன் விரலிலும் சுற்றினாள்.

"ஆட்டுக்குட்டியக் கட்டுற மாதிரி கட்டுதியேடி!" முத்துப்பேச்சி சிரித்தாள். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் நண்பகல். அந்த அறையில் வேலை பார்த்த மற்ற இருவரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். முத்துப்பேச்சியின் முதுகுக்குப் பின்னால், மருந்துத் தட்டிலிருந்து அந்தச் சுர்ரென்ற சத்தம் வந்தது. பாண்டிலட்சுமி வாசலை ஒட்டி இருந்தாள். ஒரு கை தானாகவே வயிற்றுக்குப் போனது. கால் எழுந்தது. மாரியாத்தா என்று மனசுக்குள் கூவிக்கொண்டு, மற்றக் கையால் நூலைச் சுண்டி இழுத்தாள். நூல் விரலை அறுத்து ரத்தம் வந்தது. முத்துப்பேச்சி நிமிர்ந்தாள், பாண்டிலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள், நூல் அறுபட எதிர் வாசல் வழியாகப் பாய்ந்தாள். பாண்டிலட்சுமி தன் பக்கத்து வாசல் வழியாக வெளியே ஓடினாள். அறை வெடித்துக் கூரை பறந்தது.

ராஜபாண்டியன் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, ஒரு லோடு சரக்கு போச்சே!" பிறகுதான் வேப்பமரத்தடியில் இருந்த இரண்டு பெண்களையும் பார்த்தார். "செவிடிக்கு முதுகுலயும் காது இருக்கும் போல" என்று சொல்லிவிட்டுச் சரக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

பக்கத்தில் யாரும் இல்லை. முத்துப்பேச்சியின் கணுக்காலில் அறுந்த நூல் தொங்கியது. பாண்டிலட்சுமி குனிந்து முடிச்சை அவிழ்த்து, நூலை இடுப்பில் சொருகிக்கொண்டாள். பிறகு அந்தக் காதோடு வாயை வைத்து, முதல் டம்ளரை மாற்றிக் குடித்த அன்றே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னாள்.

"என்னடி?" என்றாள் முத்துப்பேச்சி.

பாண்டிலட்சுமி ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.