ஓட்டைக் காவலில் ஐந்து விநாடி

என் அண்ணன் ரமிரோவின் தாடையை உடைத்தது நான்தான். இரண்டடி நீள ஸ்பானரால் அடித்தேன். போலீஸ் காகிதத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டெக்சஸில் எங்கள் ஊர் பாசடீனாவில் பள்ளி முடித்த யாரைக் கேட்டாலும் ஒரே யோசனைதான் சொல்வார்கள். கம்யூனிட்டி காலேஜில் ஆலை ஆபரேட்டர் படிப்பைப் படி, அதை வைத்து அப்படியே இன்ஜினியராகிவிடலாம் என்பார்கள். நானும் நம்பி இரண்டு வருடம் படித்தேன். பல்கலைக்கழகத்தில் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்த அம்மாள் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பாடமாக அடித்துக்கொண்டே போனாள். மிஞ்சியது ஆங்கிலம் இரண்டு, டெக்சஸ் அரசியல் ஒன்று. பம்ப், வால்வு, பாய்லர் எல்லாம் குப்பைக்குப் போயின. காரில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன். பிறகு அதே காலேஜில் கணக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்து, பகலில் ஆலை வேலை, மாலையில் வகுப்பு என்று இன்னும் நான்கு வருடம் ஓட்டினேன்.

இந்த மார்ச்சில் கடிதம் வந்தது. கெமிக்கல் இன்ஜினியரிங், மூன்றாம் வருடத்தில் இடம். இரண்டு நிபந்தனைகள். காலேஜில் கடைசியாகப் படித்துக்கொண்டிருந்த வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தில் எண்பதுக்குக் குறையக் கூடாது. பெயரில் குற்ற வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. மே மாதம் ஒரு வியாழக்கிழமை அந்தத் தேர்வு. நான் சொல்வது அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை.

ஆலையில் எனக்கு ஓட்டைக் காவல். ரியாக்டர் என்கிற பெரிய இரும்புக் கலனின் உச்சியில் ஆள் இறங்குகிற துளை இருக்கும். அதன் பக்கத்தில் நின்று, யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று எழுத வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. என்ன நடந்தாலும் நான் உள்ளே போகவும் கூடாது, காற்றுக் குழாய் மாட்டிய மாஸ்க் இல்லாமல் யாரையும் போக விடவும் கூடாது. வேலை அவ்வளவுதான்.

"இன்ஜினியரம்மா, ஓட்டை ஓடிப்போயிடப் போகுது, நல்லாப் பாத்துக்க," என்று கீழிருந்து ரமிரோ கத்தினான். அவன் வெல்டர்.

"விடுடா, அது படிச்சு வந்து நம்மளையே வேலைய விட்டுத் தூக்கும்," என்று மேலே என் பக்கத்தில் இருந்த நாச்சோ சிரித்தான். நாச்சோ ரமிரோவின் மகள் பாப்பாவுக்கு ஞானத்தகப்பன். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான்.

முந்தின நாள் உள்ளே சாதாரணக் காற்று இருந்தது. நாச்சோ இறங்கி வேலை பார்த்தான். அன்று காலை நைட்ரஜனை நிரப்பி, துளையைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அதற்கு வாசனை கிடையாது, எரிச்சலும் கிடையாது. இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். நாச்சோவுக்கும் தெரியும். ஆனால் அவன் முந்தின நாள் விட்டுவந்த கையுறை உள் ஏணியின் முதல் படியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும்.

நான் பதிவேட்டுக்கு அடியில் தேர்வுக்கு எழுதிய ஒரு சூத்திர அட்டையை வைத்திருந்தேன். அதை உருவிப் பார்த்தேன். ஐந்து விநாடி இருக்கும். நிமிர்ந்தபோது, கையுறைக்குக் குனிந்த நாச்சோவின் இரண்டு பூட்ஸ் துளையில் தலைகீழாகத் தெரிந்தன. அப்புறம் அவையும் இல்லை. அடியில் ஹெல்மெட் மோதுகிற சத்தம் கேட்டது.

அட்டை கையிலிருந்து விழுந்தது. ரேடியோவில் கத்தினேன். மீட்புக் குழுவுக்கு முன்னால் ரமிரோ ஏறி வந்துவிட்டான்.

"தள்ளுடி!"

"உள்ளே நைட்ரஜன் இருக்குண்ணே! மாஸ்க்கோட வர்றாங்க, கொஞ்சம் பொறு!"

"அவன் சாகுறான்டி அங்க!"

"நீயும் சாவே!"

முஷ்டியை என் மூக்கில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தொங்கினேன். என் தலையைக் கம்பித் தடுப்பில் மோதினான், ஒரு தடவை, இன்னொரு தடவை. அவன் கையைக் கடித்தேன். ரத்தம் வாயில் வந்தது, என்னுடையதா அவனுடையதா தெரியவில்லை. என்னை உதறிவிட்டு ஒரு காலைத் துளைக்குள் விட்டான்.

ஸ்பானர் காலடியில் கிடந்தது. முதலில் முழங்காலில் அடித்தேன். "நாச்சோ!" என்று கத்திக்கொண்டு மறுபடி குனிந்தான். இரண்டாவது அடி தாடையில். பற்கள் இரும்புத் தளத்தின் சந்தில் விழுந்தன. அப்படியும் தவழ்ந்தான். காலைப் பிடித்து இழுத்து, அவன் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியையே கம்பித் தடுப்பில் மாட்டினேன். வலது கையால் கொக்கியைக் கழற்றப் பார்த்தான். அந்தக் கையையும் அடித்தேன், விரல்கள் மடங்காமல் போகும்வரை. கட்டிப்போட்ட நாய் மாதிரி அவன் கயிற்றை இழுத்துக்கொண்டே அழுதான். நானும் அழுதுகொண்டேதான் அடித்தேன்.

ஆறு நிமிடத்தில் குழு வந்தது. நாச்சோவைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். உதடு நீலமாக இருந்தது. உயிர் இல்லை.

ஃபோர்மன் புரூசார்ட் எங்கள் இருவர் அடையாள அட்டைகளையும் அங்கேயே பிடுங்கினார். ஆலைக்குள் அடிதடி என்றால் யார், எதற்கு என்று கேட்க மாட்டார்கள், வேலை போய்விடும்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரமிரோவின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் தண்ணீர்க் குவளையை எறிந்தான். அது சுவரில் பட்டுத் தெறித்தது. போலீஸ்காரர் ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சிதான் அடிச்சுதா? ஆமான்னு எழுதிக் குடுங்க, போதும். ஆயுதத்தால அடிச்ச கேஸு. சிறைதான்."

சிறைக்கு அந்த நிமிடம் நான் பயப்படவில்லை. ஆறு வருடப் படிப்பு வீணாகப் போய்விடுமே என்றுதான் பயந்தேன். அப்படிப் பயந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. ரமிரோ இடது கையால், கோணல் கோணலாக எழுதினான்: விழுந்தேன்.

"மூணு விரலும் விழுந்ததுலயா ஒடஞ்சுது?"

அந்தச் சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டான்.

"உனக்கு என்னம்மா மூக்குல?"

"நானும் விழுந்துட்டேன் சார்."

"நல்ல குடும்பம். சேந்தே விழறீங்க," என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரமிரோ தலையணைக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்தான். என் சூத்திர அட்டை. தளத்தில் கிடந்தபோது உடைந்த கையோடு பொறுக்கியிருக்கிறான். ரத்தம் காய்ந்து பாதி எழுத்து மறைந்திருந்தது. எழுதிக் காட்டினான்: இதத்தான பாத்துக்கிட்டிருந்த?

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாண்ணே," என்றேன்.

பக்கத்தில் வரச் சொல்லிக் கையை அசைத்தான். போனேன். உடைந்த மூக்கிலேயே இடது கையால் ஓங்கி அடித்தான். ரத்தம் போர்வையில் சொட்டியது. நான் நகரவில்லை. இன்னொரு அடி கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

அவன் அடிக்கவில்லை. அட்டையின் பின்பக்கத்தில் வெகுநேரம் எழுதி என் கையில் திணித்தான்.

நாளைக்குப் பாஸ் பண்ணு. பெரிய படிப்புக்குப் போ. என் வீட்டுப் பக்கம் வராத. பாப்பா உன்னப் பாத்தா நாச்சோ எங்கன்னு கேப்பா.

மூக்கில் கட்டோடு போய்த் தேர்வு எழுதினேன். தொண்ணூற்றிரண்டு. ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். பாப்பாவுக்கு இந்த வருடம் ஆறு வயது. நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.