டாக்டர் வண்டியில் அறுந்த ஒயர்

காதுக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். வண்டி ஷெட் வாசலில் நுழையும்போதே, கையிலிருக்கும் டீயைக் கீழே வைக்காமல், மூன்றாவது பிளக் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிளக்தான் கரி பிடித்துக் கிடக்கும். இருபத்தாறு வருடமாக இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பிழைத்து வந்தவர். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அவருடைய மனைவியின் தங்கை வீட்டுக்காரர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். மச்சினி வந்து அக்காவிடம் அழுதாள். அக்கா வந்து காதுக்காரரிடம் சொன்னாள். ஸ்பானர் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும்தானே என்று அவரும் சகலையைச் சேர்த்துக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குடும்பத்தில் ஒருவருக்குக் கை கொடுத்த மாதிரி.

பெருமை ஒரு மாதம் தாங்கியது. சகலை ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்ப்பார். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுவார். அதிகம் பேசமாட்டார். விளக்கு எரியாத வண்டி, ஹாரன் தானாக அடிக்கும் வண்டி எல்லாம் அவர் கையில் பட்டால் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று, “உங்க சகலை இல்லையா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டிலும் அதே கதை. இரண்டு மாதமாக நாளைக்கு நாளைக்கு என்று காதுக்காரர் தள்ளிப்போட்ட வாஷிங் மெஷினை, சகலை ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த இடத்தில், இலை போடுவதற்குள் ஓடவைத்துவிட்டார். மனைவி அன்று நான்கு தடவை தங்கையிடம், “உன் வீட்டுக்காரருக்குத் தங்கமான கை” என்றாள். காதுக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டரம்மாவின் வண்டி வந்தது. அவரைவிட வயதில் மூத்த கார். அப்பா ஓட்டியது, இப்போது அவர் தினமும் கிளினிக்குக்கு அதில்தான் போகிறார். ஷெட்டில் நிறுத்தி ஓடவிட்டால் அரை நாளும் குறை சொல்லாமல் ஓடும். தெருவில் இறங்கி வேகம் பிடித்ததும் இரண்டு இழுப்பு இழுத்து, பட்டென்று அணைந்துவிடும். ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

காதுக்காரர் கேட்டார். இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது. பிளக்குகளை மாற்றினார். மறுநாள் டாக்டரம்மா சிக்னலில் நின்றார். கன்டென்சரை மாற்றினார். பாலத்தின் மேல் நின்றார். பிளக்குகளுக்குக் கரன்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் பாயின்டையும் மாற்றிப் பார்த்தார். இந்தத் தடவை மருத்துவமனை வாசலிலேயே வண்டி நின்றது. பின்னால் ஆம்புலன்ஸ் அலறியது.

“வலிக்கிற பல்லை விட்டுட்டுப் பக்கத்துப் பல்லையெல்லாம் பிடுங்கிட்டு இருக்கீங்க” என்றார் டாக்டரம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் பார்வை காதுக்காரரைத் தாண்டிப் பின்னால் போனது. அங்கே சகலை ஒரு டைனமோவைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் சகலை தயங்கித் தயங்கி வந்தார்.

“அண்ணே, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள பாயின்டுக்குப் போற அந்தச் சின்ன ஒயரைப் பாத்தீங்களா?”

“அதுல என்ன பாக்கறது? முழுசாத்தான் இருக்கு.”

“வெளிய முழுசாத் தெரியும். லிஃப்டுல நாங்க பாத்திருக்கோம். அசையாத ஒயர் அம்பது வருஷம் கிடக்கும். அசையற ஒயர்தான் உள்ளுக்குள்ளயே அறுந்துபோகும். வண்டி வேகம் எடுத்தா பாயின்ட் உக்காந்திருக்கற தட்டு கொஞ்சம் திரும்புதுல்ல? அப்ப ஒயர் இழுபடும்.”

காதுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, லிஃப்ட் மேலே கீழே போகும், கார் நேராகப் போகும், இரண்டும் ஒன்றல்ல என்றார். பக்கத்தில் இருந்த டயர்க்கடைக்காரர் சிரித்தார். சகலையும் லேசாகச் சிரித்துவிட்டு டைனமோவிடம் திரும்பிப் போய்விட்டார்.

ஆனால் அந்தப் பேச்சு காதுக்காரரின் காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில், காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாக ஷெட்டைத் திறந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். பாயின்டின் இரண்டு முனையும் ஒட்டியிருக்கும்படி இன்ஜினைக் கையால் சுற்றி நிறுத்தினார். அந்த ஒயர் வழியாகக் கரன்ட் போனால் எரியும்படி ஒரு பல்பை மாட்டினார். பல்பு எரிந்தது. பிறகு, ஓடும்போது இன்ஜின் காற்றை உறிஞ்சித் தட்டைத் திருப்புகிற ரப்பர் குழாயைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினார். தட்டு ஒரு நூல் அளவு நகர்ந்தது. பல்பு அணைந்தது.

குழாயை விட்டார். எரிந்தது. மறுபடி உறிஞ்சினார். அணைந்தது. ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தார், ஒரு தடவையாவது சகலை சொன்னது தப்பாகிவிடாதா என்று. வாயெல்லாம் பெட்ரோலும் ரப்பருமாகக் கசந்ததுதான் மிச்சம்.

புது ஒயர் போட பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தெருவில் எடுத்துப் போனார்; வண்டி பறந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு வண்டி சரியானதற்காக அவர் வருத்தப்பட்டது அன்றுதான். திரும்பி வந்து, அதிகம் யோசிக்காமல் கைபோன போக்கில், பிளக்குக்குக் கரன்ட் ஏற்றித் தரும், நன்றாகவே இருந்த காயிலைக் கழற்றி அந்த இடத்தில் புதுக் காயிலை மாட்டினார். பழைய ஒயரை அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டார். காய்கறி வாங்க மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்தபோது, காயில் சூடேறியதும் மக்கர் செய்திருக்கிறது, அதுதான் கோளாறு என்றார். சகலை பக்கத்தில்தான் நின்றார்.

“அப்ப ஒயர் இல்லையா அண்ணே?”

“ஒயர் நல்லாத்தான் இருந்துது.”

சகலை நோட்டை எடுத்து ஏதோ ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். அந்தப் பேனா காகிதத்தில் கீறிய சத்தம் காதுக்காரருக்கு நன்றாகக் கேட்டது. அன்று மத்தியானம் அவருக்கு நல்ல பசி. ரசித்துச் சாப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து அச்சகக்காரர் ஒரு நீல வண்டியைக் கொண்டுவந்தார். பழைய கார்களின் கண்காட்சிக்குப் போகவேண்டும். ஆனால் வேகம் பிடித்ததும் இழுத்து இழுத்து அணைகிறது. அச்சகக்காரர் நேராகச் சகலையிடம் போய்ச் சாவியைக் கொடுத்தார். கேட்டவுடனே அதே ஒயர்தான் என்று காதுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவர் மாதிரி தன் வேலையைப் பார்த்தார்.

சகலை காயிலிலிருந்து ஆரம்பித்தார். மாற்றினார். சரியாகவில்லை. சாவி துவாரத்திலிருந்து பேட்டரி வரை ஒவ்வொரு ஒயரையும் மீட்டரால் தொட்டார். ஒரே ஒரு ஒயரைத் தவிர. இரண்டு முறை டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தார். அந்த ஒயர் மேல் விரலை வைத்து ஒரு நொடி நின்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு மூடிவிட்டார். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து காதுக்காரர் அதைப் பார்த்தார். முதல் நாள் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இரண்டாம் நாளும் குளிர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். மூன்றாம் நாள் அச்சகக்காரர் எல்லோர் முன்னாலும், தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கத்தியபோது, சகலை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்போது ஏனோ குளிரவில்லை.

நான்காம் நாள் காலையில் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தங்கை வீட்டுக்காரர் வேறு ஊரில் லிஃப்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுத் தனியாகப் போகிறாராம். தனக்குக் கார் வேலைக்கான மூளை இல்லை, அண்ணன் தயவில் இத்தனை நாள் காலம் தள்ளியாயிற்று என்றாராம்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருப்பாருங்க” என்றாள். “உங்களைத்தான் அவர் தெய்வமா நினைக்கிறாரு.”

காதுக்காரர் பாதியில் எழுந்து கை கழுவினார்.

ஷெட்டில் சகலை நீல வண்டிக்குள் தலையை விட்டிருந்தார். காதுக்காரர் டிஸ்ட்ரிபியூட்டரில் பல்பை மாட்டி, ரப்பர் குழாயை அவரிடம் நீட்டினார்.

“உறிஞ்சு.”

சகலை உறிஞ்சினார். பல்பு அணைந்தது. குழாயை வாயில் வைத்தபடியே அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“டாக்டர் வண்டியிலயும் இதேதான்” என்றார் காதுக்காரர். “நீ சொன்ன ஒயர்தான். காயில்னு நான் பொய் சொன்னேன்.”

“ஏண்ணே?”

“நீ கண்டுபிடிச்சது எனக்குப் பொறுக்கல.”

இதைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று அவர் நினைத்திருந்தார். ஆகவில்லை. சகலை கத்தியிருந்தால் பரவாயில்லை. அவர் மெதுவாக ஒரு துண்டு ஒயரை வெட்டி, இரண்டு முனையையும் சீவி, சால்டர் வைத்து, மாட்டி முடித்தார். ஒரு சொட்டு ஈயம்கூடச் சிந்தவில்லை. அதைக்கூடக் காதுக்காரர் கவனித்தார். அந்த நேரத்திலும் அவருக்கு அந்தக் கை மேல் பொறாமையாக இருந்தது.

“மூணு மாசமா என்னை நானே நம்பல அண்ணே” என்றார் சகலை, பானெட்டை மூடிக்கொண்டே. “ராத்திரி வீட்டு சுவிட்சைப் போடக்கூட ரெண்டு தடவை யோசிச்சேன்.”

வண்டியை எடுத்துப்போய் அச்சகக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சகலை திரும்பி வரவில்லை. மீட்டரையும் நோட்டையும் எடுத்துப்போக மச்சினிதான் வந்தாள். மாமா என்று ஒரு வார்த்தை கூப்பிடாமல் எடுத்துக்கொண்டு போனாள். மனைவி பதினோரு நாள் தானாகப் பேசவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். டாக்டரம்மாவிடம் காதுக்காரரே போய் உண்மையைச் சொன்னார். அவர் நோயாளிகள் உட்காரும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டுவிட்டு, இனி வண்டியை உங்கள் சகலையிடமே விடுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

சகலை வெளியூர் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி, ஒரு சைக்கிள் கடை இருந்த இடத்தில், கார் ஒயரிங் வேலை என்று பலகை மாட்டினார். காதுக்காரர் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்.

மழை ஓய்ந்த ஒரு வாரத்தில், வெளியூர்க்காரர் ஒருவர் நனைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காதுக்காரர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். எங்கோ மின்சாரம் கசிகிறது. தேடினால் இரண்டு நாள் ஆகும். பானெட்டைத் திறந்தார், மறுபடி மூடினார். பிறகு, இரண்டு தெரு தள்ளி ஒருவர் இருக்கிறார், ஒயரிங்கில் என்னைவிடக் கெட்டிக்காரர் என்றார். வண்டியைத் தள்ள அவரே முக்கு வரை கூடப் போனார்.

சாயங்காலம் அந்த ஆள் நன்றி சொல்லத் திரும்பி வந்தார். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டாராம், எத்தனை பொறுமை, எத்தனை சுத்தமான வேலை என்று ஆரம்பித்தார். காதுக்காரர் பாதி வரைக்கும் நின்று கேட்டார். அதற்கு மேல் முடியவில்லை. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.