ரப்பருக்கு ஊட்டம்

பழைய கார் சங்கத்தின் தலைவர் தன் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எதிரில் நிற்பவர்கள் முதலில் உட்கார ஒரு நாற்காலி தேடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் பரீட்சைத் துறையில் பெரிய அதிகாரியாக இருந்தவர் அவர். அங்கே அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசியதில்லை. அதனால், தான் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கார் அவரைவிட நான்கு வயது இளையது. கரும்பச்சை நிறம், உருண்டை முதுகு, முன்பக்கம் பல்லைக் காட்டுவதுபோல் ஒரு கம்பி வரிசை. அது மாமனார் கொடுத்த கார். அந்த விவரத்தை மட்டும் அவர் சங்கத்தில் சொன்னதில்லை. கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் அவர் மனைவி சொல்லிவிடுவார்.

சில வாரங்களாகக் கார் கனத்துப் போயிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முனகும். காலை எடுத்தால் உருளாமல் அப்படியே நின்றுவிடும். இன்ஜினில்தான் குறை என்று தலைவர் தீர்ப்பு எழுதிவிட்டார். அவருடைய வழக்கமான மெக்கானிக் ஸ்பானர் பிடித்ததைவிடத் தலைவருக்குத் தலையாட்டியதுதான் அதிகம். அவர் கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றி மாட்டினார். பிளக்குகளை மாற்றினார். பெட்ரோல் டாங்கைக்கூட இறக்கிக் கழுவினார். இன்ஜின் கல்யாணப் பெண்போல் மினுங்கியது. கார் மட்டும் முன்போலவே முனகிக்கொண்டிருந்தது.

வருடாந்தர அணிவகுப்பு ஒரு விளையாட்டு மைதானத்தில் நடந்தது. சங்கத்தின் இருபத்திரண்டு கார்களில் தலைவருடையதுதான் முதலில் போக வேண்டும். மூன்றாவது சுற்றில், சரியாக மேடைக்கு முன்னால், கார் தானாக நின்றுவிட்டது. சக்கரத்திலிருந்து ஏதோ கருகும் வாசனை வந்தது. எட்டு உறுப்பினர்கள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளிப் பார்த்தார்கள். இம்மிகூட அசையவில்லை. பின்னால் வந்த இருபத்தொரு கார்களும் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன.

பிரேக்காக இருக்குமோ என்று ஒருவர் மெல்ல இழுத்தார். தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"வண்டி நிக்காம போனாத்தான்யா பிரேக் கோளாறு. இதுதான் நிக்குதே."

சுற்றி நின்றவர்கள் ஆமாம், அதுவும் சரிதான் என்றார்கள்.

தலைவரின் மனைவி காரிலிருந்து இறங்கினார். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். தெருவில் அவரை நர்ஸம்மா என்றுதான் சொல்வார்கள். அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நான்கிலும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"நாலு காலுக்கும் ஜுரம்ங்க. தலையில ஒண்ணுமில்ல. நீங்க இத்தனை வாரமா தலைக்கு வைத்தியம் பாத்திருக்கீங்க."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பஸ் டிரைவர், லாரிகளுக்குப் பிரேக் வேலை செய்யும் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொன்னார். பேர் என்னவோ, எல்லோரும் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம். லாரிப் பட்டறைக்குத் தன் காரா என்று தலைவர் முகம் சுளித்தார். அதற்குள் நர்ஸம்மா மருமகனுக்குப் போன் செய்து வரச்சொல்லி, காரை ஏற்றிப்போக ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

மருமகன் பல் டாக்டர், சாது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் அந்தக் காரை ஓட்டியிருந்தார். பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் தலைவர் அந்த ஒரு நாளையே திருப்பித் திருப்பி விசாரித்துக்கொண்டு வந்தார். எந்தக் காலால் மிதித்தார், எவ்வளவு அழுத்தி மிதித்தார், மிதித்தபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்றெல்லாம் கேட்டார். மருமகன் எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார்.

பட்டறையில் மூன்று லாரிகள் சக்கரமில்லாமல் நின்றன. பிரேக்கக்காவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். காக்கிச் சட்டை, நெற்றிமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. தலைவர் காரின் வரலாற்றை ஆரம்பித்தார். கதை மாமனாரைத் தாண்டி வருவதற்குள் அக்கா ஜாக்கியை வைத்து முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டார். கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றவில்லை. உள்பக்கம் கையை விட்டு, பிரேக்குக் குழாயிலிருந்து காற்று எடுக்கும் சின்ன நிப்பிளை லேசாகத் திருகினார். கறுப்பாக ஏதோ பீய்ச்சி அடித்தது. உடனே சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றியது.

உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது, காலை எடுத்தாலும் பிரேக் விடவில்லை, ஓட ஓடச் சூடாகி இன்னும் இறுகுகிறது என்று அக்கா நர்ஸம்மாவிடம் சொன்னார். தலைவரிடம் சொல்லவில்லை. பிறகு பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடியைக் கழற்றினார். மூடிக்குள் இருந்த ரப்பர் வட்டு உப்பிப் பிதுங்கி, நனைந்த அட்டைபோல் நெளிந்து கிடந்தது. திரும்ப வைத்துப் பார்த்தார். அதன் இடத்தில் அது உட்காரவே இல்லை.

அக்கா ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்தார். புது டப்பாவிலிருந்து இரண்டு சொட்டு பிரேக் ஆயிலை அதில் விட்டார். தண்ணீரோடு கலந்து காணாமல் போனது. இன்னொரு டம்ளரில் காரிலிருந்து எடுத்ததை விட்டார். அது மேலே வந்து, வட்ட வட்டமாக மினுமினுத்துக்கொண்டு மிதந்தது.

"பேருதான் ஆயிலு. அது ஆயிலே இல்ல. இதுல யாரோ நிஜ ஆயில ஊத்தியிருக்காங்க. இன்ஜின் ஆயில். அது பட்டா உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிரும். யாரு ஊத்தினது?"

தலைவர் மெதுவாகத் திரும்பி மருமகனைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். நர்ஸம்மா மட்டும் தலைவரைப் பார்த்தார்.

மருமகன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "மாமா, மாப்பிள்ளைக்கு வாயைத் திறக்கத்தான் தெரியும், பானெட்டைத் திறக்கத் தெரியாதுன்னு விருந்துக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் நீங்கதானே சொல்வீங்க. அது உண்மைதான் மாமா. எனக்கு இன்னிக்கும் தெரியாது."

ஒரு லாரிக்கு அடியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

தலைவர் ஒப்புக்கொண்டார். கையில் பிரேக் ஆயில் குறைவாக இருந்தது, கொஞ்சம் இன்ஜின் ஆயில் சேர்த்தேன், தெரியாமல் செய்ததல்ல, அதுவும் ஓர் ஆராய்ச்சி என்றார். பழைய ரப்பர் வறண்டு போகிறது, அதற்கு எண்ணெய்ச் சத்து தேவை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அக்கா அதை முழுதாகக் கேட்டார். கையைத் துணியில் துடைத்தபடி, வேறு எந்தக் காரிலாவது ஊற்றினீர்களா என்று மட்டும் கேட்டார்.

தலைவர் டம்ளரைப் பார்த்தார். பதில் சொன்னது நர்ஸம்மா.

"இவர் ஊத்தல. ஊத்தச் சொல்லி சங்கத்துப் பத்திரிகையில எழுதிட்டார். 'ரப்பருக்கு ஊட்டம்'னு தலைப்பு. ரெண்டு பக்கம், படத்தோட."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "உங்க வண்டி நின்னுடுச்சு சார், உங்க நல்ல நேரம். இன்னொருத்தர் வண்டியில ரப்பர் ஊதி கிழிஞ்சா அது நிக்காது. இறக்கத்துல போறவங்க மிதிச்சா கால் தரைக்குப் போகும். இங்கயே உக்காந்து எல்லாருக்கும் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் நான் உங்க வண்டியில கை வைக்க மாட்டேன்."

தலைவர் உடனே சம்மதிக்கவில்லை. அடுத்த இதழில் நாசூக்காக ஒரு விளக்கம் எழுதலாம் என்றார். ஒரு கூட்டம் போடலாம் என்றார். சங்கத்தின் பாதுகாப்பு வாரம் என்று ஒன்று அறிவித்து அதில் போகிறபோக்கில் சொல்லலாமே என்றார். நர்ஸம்மா அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, முதல் எண்ணை அழுத்தி, அவர் காதில் வைத்தார்.

முதல் உறுப்பினரிடம் அவர் சுற்றி வளைத்துப் பேசினார். கட்டுரையில் சொன்ன முறையில் ஒரு சின்ன மறுபரிசீலனை என்றார். எதிர்முனையில் இருந்தவர் எந்தக் கட்டுரை என்று கேட்டார். தலைப்பைச் சொன்னதும், அடடா, அருமையான கட்டுரை தலைவரே, என்று நிறுத்திவிட்டு, அது எதைப் பற்றியது என்று கேட்டார்.

இரண்டாமவர் அந்த இதழை இன்னும் பிரிக்கவில்லை. மூன்றாமவர் வீட்டில் அதை அலமாரித் தட்டுக்கு விரித்திருந்தார்கள். நான்காமவர், கட்டுரை தன் கண்ணைத் திறந்தது என்று தலைவருக்குக் கடிதமே எழுதியவர், அது டயர் ரப்பரைப் பற்றியது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் தலைவரின் குரல் ஒரு படி இறங்கியது. யாராவது ஒருவராவது ஊற்றியிருந்தால் தேவலை என்றுகூட அவருக்கு ஒரு கட்டத்தில் தோன்றியிருக்க வேண்டும். பதினைந்தாவது ஆளிடம், "ஒரு சொட்டுகூடவா ஊத்தல?" என்று அவர் கேட்ட விதம் அப்படி இருந்தது.

கடைசியாகச் செயலாளர். அவர்தான் பத்திரிகையை அச்சுக்குக் கொடுப்பவர். அவர் மட்டும் கட்டுரையை வரிக்கு வரி படித்திருந்தார். படித்தபோதே தப்பு என்று தெரியும் என்றார். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று தலைவர் சீறினார்.

செயலாளர் சொன்ன பதில் பட்டறை முழுக்கக் கேட்டது. "உங்ககிட்ட யாரு சார் சொல்றது?"

தலைவர் போனை அணைத்துவிட்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். நர்ஸம்மா பக்கத்தில் வந்து நின்று, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவர் வேண்டாமென்றார்.

வேலை நான்கு நாள் பிடித்தது. ஆயில் போன பாதையில் இருந்த ரப்பர் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார்கள். பெடலின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரையும் நான்கு சக்கரத்து சிலிண்டர்களையும் பிரித்து, இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, ஊதிக் காயவைத்தார்கள். வளையும் குழாய்கள் புதிதாக வந்தன. நான்காம் நாள் மதியம் புது பிரேக் ஆயில் ஊற்றியாயிற்று. குழாய்களில் நிற்கும் காற்றை எடுப்பதுதான் பாக்கி. அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திருக வேண்டும். பட்டறை ஆட்களுக்கு லாரி வேலை. அக்கா தலைவரை உள்ளே உட்காரச் சொன்னார்.

"மிதிங்க. அப்படியே பிடிங்க. நான் விடுங்கன்னு சொல்ற வரைக்கும் கால எடுக்கக்கூடாது."

தலைவர் மிதித்தார். அக்கா நிப்பிளைத் திறந்தார், அதில் மாட்டியிருந்த கண்ணாடிக் குழாயில் குமிழி குமிழியாக வந்தது. அவர் மூடுவதற்குள் தலைவர் காலை எடுத்துவிட்டார். வந்த காற்று திரும்ப உள்ளே போனது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை, போதும் என்று தனக்குத் தோன்றியதால் எடுத்தேன் என்றார். உங்களுக்குத் தோன்ற வேண்டியதில்லை என்று சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

மூன்றாம் தடவை அவர் எடுக்கவில்லை. மிதிங்க என்றால் மிதித்தார், பிடிங்க என்றால் பிடித்தார். தூரத்துப் பின்சக்கரத்தில் தொடங்கி நான்கையும் முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரம் ஒருவர் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டு யாரும் பார்த்ததில்லை. நர்ஸம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு நிமிஷம்கூட வேறு பக்கம் திரும்பாமல் பார்த்தார்.

கடைசிச் சக்கரத்தில் குமிழி நின்று, தெளிவாக ஓடியது. பெடல் காலுக்குக் கீழே கல்போல் நின்றது. அக்கா வெளியே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார். தலைவர் தெருமுனைவரை போய்த் திரும்பிவந்து, பட்டறை வாசலில் பிரேக்கை மிதித்தார். கார் குலுங்காமல், கோணாமல், நினைத்த இடத்தில் நின்றது. அவர் இறங்கி, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, காற்று எடுக்கும்போது பெடலை எவ்வளவு நேரம் பிடித்துவைக்க வேண்டும் என்பது பற்றித் தான் கவனித்த சில நுட்பங்களைச் சொல்ல ஆரம்பித்தார்.

அக்கா அதற்குள் அடுத்த லாரிக்கு அடியில் போயிருந்தார். மருமகன் மட்டும்தான் எதிரில் நின்றார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கிளினிக்கில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருப்பார், வருகிறேன் மாமா என்று நடையைக் கட்டினார்.